மேனுவலுக்கு யார் கை தட்டுவாங்க?

இன்றைய எபிசோட் ஒரு போட்டியைப் பற்றியது. பாட்டுப் போட்டி இல்லை, சமையல் போட்டியும் இல்லை. புதுசா ஒரு வாஷிங் மெஷின் வாங்கினா, பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் கவர்ல ஒரு சின்னப் புத்தகம் வரும் இல்லையா? வாரண்டி கார்டை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டு, மீதியைப் பெட்டியோட பரண்ல போட்டுடுவோமே, அந்தப் புத்தகம். அதை எழுதறதுக்குன்னு ஒரு தொழில் இருக்கு. அந்தத் தொழிலுக்குச் சங்கங்கள் இருக்கு. அந்தச் சங்கங்கள் போட்டி நடத்திப் பரிசும் கொடுத்திருக்கு.

நானும் சில வருஷம் சென்னையில் டெக்னிக்கல் ரைட்டராக வேலை பார்த்தவன். "என்ன வேலைப்பா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால், விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் கையில் இருக்கும் காபி ஆறிவிடும். கடைசியில் "ஐடி"ன்னு சொல்லி முடிச்சுடுவேன். அதனால் இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது.

இந்தத் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. வேலையைச் சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. மெஷின் ஓடும், சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும், வாங்கினவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். "அடடா, எட்டாவது படியை என்ன தெளிவா எழுதியிருக்காங்க" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தப்பாக எழுதினால்தான் எழுதினவர் ஒருத்தர் இருக்கிறார் என்பதே ஞாபகத்துக்கு வரும். இப்படி ஒரு வேலைக்குப் போட்டி வைத்தால் யார் நடுவர்? எதைப் பார்த்து மார்க் போடுவது? அந்தக் கேள்விக்கான வரலாறுதான் இன்றைக்கு.

ஒரு பட்டியல் இல்லாமல் தோற்ற விமானம்

முதல்ல வேற ஒரு போட்டிக்குப் போவோம். இது விமானங்களுக்கு நடந்த போட்டி. இந்தத் தொழில் ஏன் தேவைப்பட்டது என்று புரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

1935. அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு ஒரு புதிய குண்டுவீச்சு விமானம் வாங்க நினைத்தது. போயிங், டக்ளஸ், மார்ட்டின் என்று மூன்று கம்பெனிகள் களத்தில் இறங்கின. போயிங் கொண்டுவந்த மாடல் 299 விமானத்துக்கு நான்கு இன்ஜின்கள். மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டுதான். அந்த ஆகஸ்ட் மாதம் மாடல் 299 சியாட்டில் நகரத்தில் இருந்து கிளம்பி, எங்கேயும் இறங்காமல், ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் வரைக்கும் பறந்து வந்தது. வேகத்திலும் தூரத்திலும் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் வர முடியவில்லை. போட்டி முடிஞ்ச மாதிரிதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அக்டோபர் 30. டேட்டன் அருகே ரைட் ஃபீல்ட் விமான தளம். மாடல் 299 ஓடுபாதையில் வேகமெடுத்துக் கிளம்பியது, செங்குத்தாக மேலே ஏறியது, அப்படியே நிலைகுலைந்து கீழே விழுந்து தீப்பிடித்தது. ராணுவத்தின் பைலட் மேஜர் பிளாயர் ஹில், போயிங்கின் தலைமைச் சோதனை பைலட் லெஸ்லி டவர், இரண்டு பேரும் உயிரிழந்தார்கள்.

விசாரணையில் இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்தது. விமானம் தரையில் நிற்கும்போது பலமாகக் காற்று அடித்தால், இறக்கையிலும் வாலிலும் இருக்கும் அசையும் தகடுகள் ஆடிச் சேதமாகும். அதைத் தடுக்க ஒரு பூட்டு உண்டு. கிளம்புவதற்கு முன் அந்தப் பூட்டை விடுவிக்க வேண்டும். அன்று விடுவிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஹில்லும் டவரும் கத்துக்குட்டிகள் இல்லை. அந்த நாட்டின் மிகச் சிறந்த பைலட்டுகளில் அவர்களும் உண்டு. விஷயம் என்னன்னா, விமானம் வளர்ந்த வேகத்துக்கு மனுஷ ஞாபகம் வளரலை. நான்கு இன்ஜின், அத்தனைக்கும் கருவிகள், சுவிட்சுகள். எல்லாவற்றையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு மெஷின் பெரிதாகிவிட்டது.

போட்டியில் டக்ளஸ் ஜெயித்தது. அவர்களுக்கு 133 விமானங்களுக்கான ஆர்டர் கிடைத்தது. போயிங்குக்குச் சோதனைக்காக 13 மட்டும். ராணுவத்தினர் அந்த விமானத்தை மாற்றச் சொல்லவில்லை, பைலட்டுக்கு இன்னும் ஒரு வருஷம் பயிற்சி கொடு என்றும் சொல்லவில்லை. சுருக்கமான ஒரு பட்டியல் தயாரித்தார்கள். கிளம்பும் முன் என்ன பார்க்கணும், பறக்கும்போது என்ன, இறங்கும் முன் என்ன, இறங்கிய பிறகு என்ன. இன்றைக்கு நாம் எல்லாவற்றுக்கும் சொல்கிற 'செக்லிஸ்ட்' விமானத் துறையில் வேரூன்றியது இப்படித்தான். அந்த மாடல் 299தான் பிறகு பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப் போரில் பறந்தது. 12,000-க்கும் மேல் தயாரித்தார்கள்.

ஒரு பட்டியல் இல்லாமல் தோற்ற விமானம், அந்தப் பட்டியலோடு திரும்பி வந்தது. சரி, அந்தப் பட்டியலை எழுதினவர் யார்? ராணுவ பைலட்டுகள் சேர்ந்து தயாரித்தார்கள் என்று மட்டும் சொல்வார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் ஒரு பெயர்கூட வராது. இந்தத் தொழிலின் நிலைமையே அதுதான்.

பெயர் இல்லாத புத்தகங்கள்

உலகப் போர் காலத்தில் ரேடார், ரேடியோ, டாங்கி, விமானம் என்று மெஷின்கள் வந்து குவிந்தன. அவற்றை இயக்கப்போகிறவர்கள் நேற்று வரைக்கும் வயலிலும் கடையிலும் வேலை பார்த்த இளைஞர்கள். அவர்களுக்குப் புரியும்படி எழுத ஆட்கள் தேவைப்பட்டார்கள். பொறியாளர்கள் எழுதியது இன்னொரு பொறியாளருக்குத்தான் புரிந்தது.

போர் முடிந்ததும் கம்ப்யூட்டர் வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் எக்கர்ட்–மாக்லி கம்பெனி 1949-இல் பைனாக் என்ற கம்ப்யூட்டரை நார்த்ராப் விமானக் கம்பெனிக்குக் கொடுத்தது. அதற்குப் பயனர் கையேடு எழுதியவர் ஜோசஃப் சேப்ளின். கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்ட முதல் பயனர் மேனுவல் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். யோசிச்சுப் பாருங்க. எக்கர்ட், மாக்லி பெயர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடப் புத்தகத்தில் இருக்கும். சேப்ளின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

1953-இல் இந்த வேலை செய்கிறவர்கள் ஒன்றுசேர ஆரம்பித்தார்கள். பாஸ்டனில் ஒரு சங்கம், நியூயார்க்கில் ஒரு சங்கம். 1957-இல் இரண்டும் இணைந்தன. 1960-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருந்த இன்னொரு சங்கமும் சேர்ந்தது. ஒவ்வொரு இணைப்பின்போதும் பெயர் மாறியது. முதலில் 'டெக்னிக்கல் ரைட்டர்ஸ்'. அடுத்து 'ரைட்டர்ஸ் அண்ட் எடிட்டர்ஸ்'. அப்புறம் 'ரைட்டர்ஸ் அண்ட் பப்ளிஷர்ஸ்'. 1971-இல் 'சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன்', சுருக்கமாக எஸ்.டி.சி.

இந்தப் பெயர் மாற்றங்களை நான் ஒரு வாக்குமூலம் மாதிரி படிக்கிறேன். எழுதுகிறவர் மட்டும் போதாது, திருத்துகிறவர் வேண்டும், படம் வரைகிறவர் வேண்டும், பக்கம் அமைத்து அச்சடிக்கிறவர் வேண்டும் என்று ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். கடைசியில் ஆட்களின் பெயரையே எடுத்துவிட்டு, செய்கிற வேலையின் பெயரை வைத்துவிட்டார்கள். தங்களுக்கு என்ன பெயர் என்று முடிவு செய்யவே ஏறத்தாழ 20 வருஷம் ஆகியிருக்கு.

சங்கம் வந்தால் மாநாடு வரும், பத்திரிகை வரும், போட்டியும் வரும்.

போட்டி எப்படி நடந்தது

எஸ்.டி.சி போட்டி ஓர் ஏணி மாதிரி. முதல் படி உங்கள் ஊர்க் கிளை. அங்கே உச்சத் தரம் வாங்கினால் சர்வதேசச் சுற்று. கையேடுகளுக்கு ஒரு பிரிவு, தொழில்நுட்ப ஓவியங்களுக்கு ஒரு பிரிவு. பிறகு ஆன்லைன் உதவிப் பக்கங்கள் வந்ததும் அவற்றுக்கும் ஒரு பிரிவு. நுழைவுக் கட்டணம் உண்டு. நடுவர்கள் எல்லோரும் அதே தொழிலில் இருப்பவர்கள், சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள்.

இதில் மூன்று விஷயங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதலாவது, ஒருத்தரை இன்னொருத்தரோடு ஒப்பிட்டு முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கொடுக்கும் முறை இல்லை. ஒவ்வொரு படைப்பையும் ஓர் அளவுகோலோடு ஒப்பிடுவார்கள். அந்த அளவைத் தொட்டால் மெரிட், தாண்டினால் எக்ஸலன்ஸ், அதற்கும் மேலே டிஸ்டிங்விஷ்ட். ஐந்து பேர் தகுதியாக இருந்தால் ஐந்து பேருக்கும் கிடைக்கும். யாருமே அந்த உயரத்துக்கு வரவில்லை என்றால் உச்சப் பரிசு யாருக்கும் இல்லை. ஒரு ட்ரக்கிங் இயந்திரத்தின் பழுதுபார்ப்புக் கையேட்டையும் ஒரு மருத்துவக் கருவியின் கையேட்டையும் வேறு எப்படி ஒப்பிட முடியும்?

இரண்டாவது, கிளைகள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்து படைப்புகளை மாற்றிக்கொள்வது வழக்கம். உங்கள் ஊர்க்காரர் எழுதியதை வேறு ஊர்க்காரர் படிப்பார். பாரபட்சம் இருக்கக் கூடாது என்பது வெளிப்படையான காரணம். அதைவிட முக்கியமான பலன் ஒன்று உண்டு. படிக்கிறவர் உங்கள் கம்பெனியைத் தெரியாதவர், உங்கள் தயாரிப்பைத் தெரியாதவர், "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று விட்டுக்கொடுக்காதவர். அதாவது, நிஜமான வாசகருக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பவர்.

மூன்றாவது, அந்த விண்ணப்பப் படிவம். புத்தகத்தை மட்டும் உறையில் போட்டு அனுப்பினால் போதாது. இது யாருக்காக எழுதப்பட்டது, அவர்கள் இதை வைத்து என்ன செய்ய வேண்டும், எந்தச் சூழலில் எழுதினீர்கள் என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். நடுவர்கள் அந்தப் பதிலை ஒரு கையிலும் புத்தகத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். சொன்னதும் செய்ததும் ஒத்துப்போகிறதா?

கேட்க எளிமையான கேள்விதான். ஆனா உண்மையா பதில் சொல்ல உட்கார்ந்தா வியர்க்கும். "எல்லா வாடிக்கையாளர்களுக்கும்" என்று எழுதினால் அது பதிலே இல்லை.

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் எனக்குத் தெரிந்த அழகான பதில் 600 வருஷத்துக்கு முந்தையது. ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் 1391 வாக்கில், நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் கணிக்கும் ஆஸ்ட்ரோலேப் என்ற கருவிக்கு ஒரு கையேடு எழுதினார். ஆங்கிலத்தில் இருக்கும் மிகப் பழைய தொழில்நுட்பக் கையேடுகளில் ஒன்று. அந்தக் காலத்தில் அறிவியல் என்றால் லத்தீன். ஆனால் சாசர் எழுதியது ஆங்கிலத்தில். ஏன்? அதைப் படிக்கப்போகிறவன் லூயிஸ் என்ற சின்னப் பையன். வயசு பத்து. அவனுக்கு லத்தீன் இன்னும் சரியாக வராது. அதையே முன்னுரையில் காரணமாகச் சொல்கிறார். யாருக்கு, என்ன மொழியில், ஏன் என்று மூன்றுக்கும் முதல் பக்கத்திலேயே பதில். எந்தக் காலத்து நடுவரும் அந்தப் படிவத்தைப் பார்த்துத் தலையாட்டி இருப்பார்.

இப்போ அந்தப் போட்டியின் உண்மையான பரிசுக்கு வருவோம். சான்றிதழ் இல்லை, மேடையும் இல்லை. நடுவர்கள் எழுதித் தரும் கருத்துத் தாள். ஜெயித்தாலும் தோற்றாலும் அது உங்களுக்கு வரும்.

அதில் என்ன இருக்கும்? ஒரு கற்பனை உதாரணம் சொல்றேன். மேனுவலில் நான்காவது படி: "மேல் மூடியைத் திறக்கவும்." ஐந்தாவது படி: "எச்சரிக்கை! மூடியைத் திறப்பதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்." சிரிப்பா இருக்கு இல்ல? ஆனால் இது உலகம் முழுக்க மேனுவல்களில் நடப்பதுதான். எழுதினவருக்கு இரண்டும் தெரியும், அதனால் வரிசை உறுத்தாது. பொறியாளர் சரிபார்ப்பார், இரண்டு தகவலும் சரி, டிக் போட்டுவிடுவார். ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டே படிக்கிறவர் மட்டும்தான் ஐந்தாவது படிக்கு வருவதற்கு முன் ஷாக் அடித்துக்கொள்வார். வெளியூர் நடுவர் பென்சிலால் வட்டம் போடுவது இந்த மாதிரி இடத்தில்தான்.

ஆபீசில் யாரும் நமக்கு இதைச் செய்ய மாட்டார்கள். டெவலப்பர் தகவல் சரியா என்று பார்ப்பார். மேனேஜர் தேதி பார்ப்பார். வக்கீல் எச்சரிக்கை வாசகம் இருக்கா என்று பார்ப்பார். முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை ஓர் அந்நியர் மாதிரி உட்கார்ந்து படிக்கிறவர் யாரும் இல்லை. நுழைவுக் கட்டணம் கட்டியாவது அப்படி ஒரு வாசகரைச் சம்பாதிக்கலாம் என்பதுதான் இந்தப் போட்டியின் அடிப்படை.

நடுவர் மேசையும் சேற்றில் நின்ற சிப்பாயும்

ஆனால் இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. தொழிலுக்கு உள்ளேயே பல வருஷமாகச் சொல்லப்பட்ட விமர்சனம்தான். நடுவர் ஒரு மேசையில், நல்ல வெளிச்சத்தில், காபியோடு உட்கார்ந்து படிக்கிறார். நிஜ வாசகர் ஏணி மேல நிக்கிறார். கையில் கிரீஸ். கோபத்தில் இருக்கிறார். சக எழுத்தாளர்கள் பாராட்டும் புத்தகமும் நிஜத்தில் வேலை செய்யும் புத்தகமும் ஒன்றுதானா?

இதற்கு ஒரு கடுமையான உதாரணம் வியட்நாம் போர். எம்-16 துப்பாக்கி அங்கே போனபோது, அதைச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. சுத்தம் செய்யும் உபகரணங்களும் போதுமான அளவுக்குப் போய்ச் சேரவில்லை. தோட்டாவின் வெடிமருந்தையும் மாற்றியிருந்தார்கள். எல்லாம் சேர்ந்து சண்டைக்கு நடுவே துப்பாக்கி சிக்கிக்கொண்டது. சிப்பாய்கள் செத்தார்கள். 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. துப்பாக்கியில் மாற்றங்கள் வந்தன, சுத்தம் செய்யும் கிட் வந்தது. கூடவே 1968-இல் ஒரு கையேடும் வந்தது. அது ஒரு காமிக்ஸ் புத்தகம்.

வரைந்தவர் வில் ஐஸ்னர். 'தி ஸ்பிரிட்' காமிக்ஸ் படைத்தவர். இரண்டாம் உலகப் போரிலேயே ராணுவப் பராமரிப்புப் பத்திரிகையில் 'ஜோ டோப்' என்ற ஒரு சொதப்பல் சிப்பாயை உருவாக்கி, எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர். 1951-இல் இருந்து 20 வருஷம் 'பி.எஸ்' என்ற ராணுவப் பராமரிப்பு மாதப் பத்திரிகையின் ஓவியப் பொறுப்பு அவரிடம் இருந்தது.

அந்த எம்-16 கையேட்டில் ஒரு பெண் கதாபாத்திரம் சிப்பாய்களோடு கிளுகிளுப்பாகப் பேசித் துப்பாக்கியைப் பராமரிக்கக் கற்றுக்கொடுப்பார். இன்றைக்குப் படித்தால் முகம் சுளிக்க வைக்கும். சுளிக்கவும் வேண்டும். எந்த நடுவர் மேசையிலும் அதற்கு மரியாதையான இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் அது குறிவைத்த வாசகன் 19 வயசுப் பையன். பயத்திலும் சேற்றிலும் நிற்கிறவன். தடியான ராணுவ மேனுவலை எந்தக் காலத்திலும் திறக்காதவன். அவன் கை நீட்டி எடுக்கிற ஒரு பொருளை ஐஸ்னர் செய்தார்.

1988-இல் இருந்து ஐஸ்னர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். காமிக்ஸ் உலகத்தின் ஆஸ்கர் மாதிரி. அவருடைய கிராஃபிக் நாவல்களுக்காகத்தான் உலகம் அவரைக் கொண்டாடுகிறது. 20 வருஷம் துப்பாக்கிக்கும் லாரிக்கும் படம் போட்டது அவர் வாழ்க்கை வரலாற்றில் ஓர் இடைப்பட்ட அத்தியாயமாகச் சுருங்கிவிட்டது.

மோசமான எழுத்துக்கு ஒரு பரிசு

அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், பிரிட்டனில் இதே பிரச்சினையை ஒரு பெண்மணி தலைகீழாகத் திருப்பினார். கிறிஸ்ஸி மேஹர். லிவர்பூலைச் சேர்ந்தவர், ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர், பெரிய படிப்பு இல்லை. அரசாங்க உதவி கேட்டு விண்ணப்பிக்கிற ஏழைகளுக்கு அந்த விண்ணப்பப் படிவமே புரியவில்லை, அதனாலேயே உதவி கிடைக்காமல் போகிறது என்பதைக் கண் முன்னால் பார்த்தவர். 1979-இல் லண்டனில், நாடாளுமன்றத்துக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தில், அரசுப் படிவங்களை எல்லோர் முன்னாலும் தூள்தூளாக வெட்டிப் போட்டார். 'பிளெயின் இங்கிலீஷ் கேம்பெயின்' இயக்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த இயக்கம் தெளிவான எழுத்துக்கும் விருது கொடுத்தது. ஆனால் பத்திரிகைகள் விரும்பிப் போட்டது இன்னொரு விருதை: 'கோல்டன் புல்'. அந்த வருஷத்தின் மோசமான, புரியாத எழுத்துக்கு. இந்தப் போட்டிக்கு யாரும் மனமுவந்து விண்ணப்பிக்கப் போவதில்லை. பாதிக்கப்பட்ட வாசகர்கள் அனுப்பி வைப்பார்கள். நடுவர் மேசைக்கும் நிஜ வாசகருக்கும் நடுவே இருந்த இடைவெளி இங்கே ஓரளவு மூடியது. படித்துப் புரியாமல் தவித்தவரே போட்டிக்கு அனுப்புகிறார். 1990-இல் தெளிவான ஆவணங்களுக்கு 'கிரிஸ்டல் மார்க்' என்ற முத்திரையும் கொண்டுவந்தார்கள்.

படிவம் புரியாததால் உதவித்தொகை போனது, பட்டியல் இல்லாததால் விமானம் விழுந்தது. இரண்டும் ஒரே கதைதான். எழுத்து சரியாக இல்லாவிட்டால் அடி வாங்குவது எழுதினவர் இல்லை.

பெங்களூரில் இருந்து சென்னை வரை

நம்ம பக்கம் இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்தது 1990-களின் கடைசியில் இருந்து. சாஃப்ட்வேர் எங்கே போனதோ அங்கே டாக்குமெண்டேஷனும் போனது. பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னை. எஸ்.டி.சி-க்கு ஓர் இந்தியக் கிளை உருவானது, ஆண்டு மாநாடுகள் நடந்தன. ஆங்கில இலக்கியம் படித்தவர்கள், இன்ஜினியரிங் முடித்துக் கோடிங் பிடிக்காதவர்கள், பத்திரிகையில் இருந்து வந்தவர்கள் என்று பலவிதமான ஆட்கள் இதற்குள் வந்தார்கள்.

இங்கே போட்டிக்கு அனுப்புவதில் ஒரு தனிச் சிக்கல். நாம் எழுதுவதில் பெரும்பகுதி வேறு நாட்டு வாடிக்கையாளருக்கு. ரகசிய ஒப்பந்தம் இருக்கும். வெளியே காட்டக் கூடாது. புத்தகத்தில் நம் பெயர் இருக்காது, சில நேரம் நம் கம்பெனி பெயர்கூட இருக்காது. வேலை மாறும்போது இன்டர்வியூவில் "நீங்க எழுதினதைக் காட்டுங்க" என்பார்கள். காட்ட முடியாது. ஒரு வெளி அமைப்பு கொடுத்த சான்றிதழ், அது வெறும் மெரிட்டாக இருந்தாலும், அந்த இடத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நம் வேலையைச் செலவுக் கணக்கில் மட்டும் பார்க்கிற மேனேஜருக்கும் அது ஒரு பதில்.

ஒரு காலத்தில் எஸ்.டி.சி-யின் உறுப்பினர் எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டியது. அப்புறம் குறைந்துகொண்டே வந்தது. தகவல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது சந்தா கட்டிச் சங்கத்தில் சேருகிறவர்கள் குறைவுதானே. 2025 ஜனவரி 29 அன்று, நிதி நெருக்கடியால் சங்கத்தை மூடித் திவால் நடவடிக்கைக்குப் போவதாக அறிவித்தார்கள். 1953-இல் தொடங்கிய கதை, ஏறத்தாழ 72 வருஷம். ஏணியே போய்விட்ட பிறகு அந்தப் படிகளும் இல்லை.

போட்டிகள் மொத்தமாக அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. 1978-இல் தொடங்கிய ஜெர்மனியின் டெகாம் சங்கம் கையேடுகளுக்கு விருது கொடுத்து வந்திருக்கிறது. பிரிட்டனில் 1972-இல் உருவான ஐ.எஸ்.டி.சி சங்கத்துக்கும் விருதுகள் உண்டு. ஜப்பானின் டெக்னிக்கல் கம்யூனிகேட்டர்ஸ் சங்கம் நடத்தும் மேனுவல் போட்டியில் உச்சப் பரிசின் பெயரே 'மேனுவல் ஆஃப் தி இயர்'. கேமராவுக்கும் பிரிண்டருக்கும் வந்த புத்தகங்களை இவ்வளவு மதிக்கிற ஒரு நாடு இருக்கு என்பதே எனக்கு ஓர் ஆறுதல்.

இனிமே யார் படிப்பாங்க?

இதைக் கேட்கிற உங்களில் பலர் மனதில் ஓடும் கேள்வி எனக்குத் தெரியும். இப்பதான் ஏஐ எழுதுதே, இனிமே இந்தத் தொழில் எதுக்கு, போட்டி எதுக்கு?

நியாயமான கேள்வி. இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் பலர் இந்தப் பயத்தோடுதான் தினமும் லேப்டாப்பைத் திறக்கிறார்கள். அவர்களுக்குப் பொய்யான தைரியம் சொல்ல நான் தயாராக இல்லை. வாக்கியங்களை உற்பத்தி செய்கிற வேலையின் விலை குறையும்.

ஆனால் இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், போட்டியில் எடைபோட்டது வாக்கியத்தை மட்டும் இல்லை. படிவத்தின் முதல் கேள்வி, யாருக்கு? கருத்துத் தாளின் முதல் வட்டம், எந்த வரிசையில்? ஐந்தாவது படியில் வரும் எச்சரிக்கையைக் கண்டுபிடிக்க, நான்காவது படியில் கையை உள்ளே விடப்போகிற ஒரு மனுஷன் இருக்கிறான் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். வாக்கியத்தை மனுஷன் எழுதினாலும் மெஷின் எழுதினாலும், அதை யாராவது ஓர் அந்நியர் மாதிரி முதலில் இருந்து கடைசி வரை படித்துத்தான் ஆகணும். எழுத்து பெருகப் பெருக அந்தப் படிப்பு இன்னும் அதிகமாகத் தேவைப்படும். அதற்குச் சம்பளம் கொடுக்க யார் தயாராக இருக்கிறார்கள் என்பதுதான் இப்போது பதில் தெரியாத கேள்வி.

அதனால் நீங்கள் டெக்னிக்கல் ரைட்டராக இருந்தாலும் சரி, ஆபீஸ் விக்கியில் ஒரு பக்கம் எழுதுகிற டெவலப்பராக இருந்தாலும் சரி, அபார்ட்மெண்ட் ஜெனரேட்டரை எப்படி ஆன் பண்ணுவது என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போடுகிற செயலாளராக இருந்தாலும் சரி, அந்தப் பழைய போட்டியில் இருந்து ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கலாம். எழுதி முடித்ததும், அந்த விஷயம் தெரியாத ஒருத்தரிடம் கொடுங்கள். யாருக்காக எழுதினேன், அவர் இதை வைத்து என்ன செய்யணும் என்று இரண்டே வரியில் மேலே எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீங்க. பென்சிலை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். பதிலுக்கு அவர் எழுதியதை நீங்கள் படித்துக் கொடுங்கள். கிளைக்குக் கிளை மாற்றிக்கொண்டார்கள் இல்லையா, அதே முறைதான். கட்டணம் ஒரு டீ.

அப்புறம் இன்னொரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பரண்ல இருக்கற ஏதாவது ஒரு மேனுவலை இந்த வாரம் எடுத்து, இரண்டு பக்கம் படிச்சுப் பாருங்க. நல்லா இருந்தாலும் சரி, கொடுமையா இருந்தாலும் சரி, அந்தப் பக்கத்தைப் பற்றி எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன். இந்தத் தொழிலில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது இருந்தால் இந்த எபிசோடை அவருக்கு அனுப்பி வையுங்கள். சொந்தக்காரங்க கேட்டா பதில் சொல்ல உதவும்.